இடத்தால் அன்று, காலத்தால்: ஜெமிங்கா அடையாளம் காணப்பட்ட வரலாறு (1972–1992)

முன்னுரை

வானியல் அட்டவணைகளில் இடம்பெறும் ‘அடையாளம் காணப்படாதது’ என்னும் குறிப்பு, பொருளின் இயல்பைவிடக் கருவியின் எல்லையையே பெரிதும் சுட்டுகிறது. மிதுன விண்மீன் குழுவிலுள்ள ஜெமிங்கா என்னும் காமாக் கதிர் மூலத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கண்டறிதலும் தடையும்

1972 நவம்பரில் ஏவப்பட்ட சாஸ்-2 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் இம்மூலத்தை முதலில் பதிவுசெய்தது. 1973 ஜூனில் அது செயலிழந்தது. 1975இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் காஸ்-பி இம்மூலத்தை உறுதிப்படுத்தியது. எனினும், 1981இல் வெளியான காஸ்-பி அட்டவணையின் 25 மூலங்களுள் நான்கு மட்டுமே அறியப்பட்ட பொருள்களோடு பொருத்தப்பட்டன. ஜெமிங்கா அவற்றுள் ஒன்றன்று.

இதற்குக் காரணம் கருவியின் அமைப்பாகும். உயர் ஆற்றல் காமாக் கதிரை ஆடிகளால் குவிக்க இயலாது. கருவிக்குள் அக்கதிர் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாக மாறிச் செல்லும் தடத்தைக் கொண்டே அதன் திசை கணிக்கப்படுகிறது. ஆகவே, மூலம் இருக்கக்கூடிய பரப்பு முழுநிலவின் வட்டத்தினும் குறுகவில்லை. அப்பரப்பில் விண்மீன்களோ பல. இத்தாலிய வானியலாளர் ஜொவான்னி பிஞாமி சூட்டிய ‘ஜெமிங்கா’ என்னும் பெயர், மிலான் வட்டார வழக்கில் ‘அது அங்கே இல்லை’ என்னும் தொடரையும் ஒலிக்கிறது.

அடையாளம்

1983இல் பிஞாமி, பாட்ரிசியா கராவேயோ, லாம்ப் ஆகியோர் ஐன்ஸ்டைன் விண்வெளி ஆய்வகத்தின் எக்ஸ் கதிர்ப் பதிவுகளிலிருந்து பொருத்தமானதொரு மூலத்தை முன்மொழிந்தனர். இடம் பொருந்தியது, ஆனால் இடப்பொருத்தம் மட்டும் சான்றாகாது. 1992இல் ஹால்பெர்ன், ஹோல்ட் ஆகிய இருவரும் ரோசாட் செயற்கைக்கோளின் பதிவுகளில் அவ்வெக்ஸ் கதிர் மூலம் 0.237 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதைக் கண்டனர். அதே துடிப்பு காம்ப்டன் ஆய்வகத்தின் காமாக் கதிர்ப் பதிவுகளிலும் வெளிப்பட்டது. ஜெமிங்கா ஒரு துடிப்பு விண்மீன் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இங்குக் கருதத்தக்கது, அதன்பின் நிகழ்ந்த மறுவாசிப்பு. காஸ்-பி, சாஸ்-2 ஆகியவற்றின் பழைய பதிவுகளை ஆராய்ந்தபோது அவற்றிலும் அத்துடிப்பு காணப்பட்டது. விடை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பதிவுகளுக்குள்ளேயே இருந்துள்ளது. கிடைத்த ஒளித்துகள்கள் மிகச் சிலவாதலால், துடிப்புக் காலத்தை முன்னரே அறியாமல் அவற்றிலிருந்து அதனைப் பிரித்தறிவது அரிதாயிருந்தது.

முடிவுரை

2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கி, காமாக் கதிரை மட்டுமே கொண்டு துடிப்பு விண்மீன்களைக் கண்டறியும் நிலையை எய்தியது. ஆயினும் அதன் நான்காம் அட்டவணையின் 5,064 மூலங்களுள் 1,300க்கும் மேற்பட்டவை எப்பொருளோடும் பொருத்தப்படாதிருந்தன. பயன் முடிந்ததாகத் தோன்றும் பதிவுகளைப் பேணுவதும் கண்டுபிடிப்பின் ஒரு பகுதியே என்பதை ஜெமிங்காவின் வரலாறு உணர்த்துகிறது.