பிறந்த மண்ணின் முத்திரை

பொருளின் மேல் அது பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பெருமிதத்தால் தோன்றியதன்று, ஐயத்தால் தோன்றியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திகளுக்குப் புகழ்பெற்றது. அதன் பெயரைத் தாங்கி ஜெர்மனியிலிருந்து மலிவான கத்திகள் வந்து குவிந்தன. வாங்குவோர் ஏமாறாதிருக்கவே 1887இல் பிரிட்டன் வணிகக் குறிகள் சட்டத்தை இயற்றியது. ஆயினும் நிகழ்ந்தது என்ன? ஜெர்மானியர் தம் கைத்திறனைச் செப்பம் செய்தனர். யேனா நகரத்து ஸைஸ் வில்லைகளும், 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவும் உலகை வென்றன. இழிவாகக் குத்தப்பட்ட முத்திரையே புகழ் மாலையாயிற்று.

ஜப்பானின் கதை இன்னும் உருக்கமானது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற அந்நாட்டின் ஏற்றுமதிப் பொருள்கள் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது’ என்னும் குறியைத் தாங்கவேண்டுமென நேசநாட்டுப் படைத் தலைமை 1947இல் ஆணையிட்டது. 1948இல் வெளிவந்த முதல் நிக்கான் காமிராக்கள் அவ்வடுவோடுதான் கடல் கடந்தன. 1950இல் கொரியப் போரைப் படமெடுக்கச் சென்ற அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் நிக்கான் வில்லைகளின் தெளிவைக் கண்டு வியந்தனர். 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிவுற்றது. அடிமைச் சொல் நீங்கியது, ஜப்பான் என்னும் பெயர் நின்றது.

நம் நாட்டிலும் வடோதராவில் உருவான அக்ஃபா கிளிக் 3 காமிரா, ‘இந்தியாவில் செய்யப்பட்டது’ என்னும் குறியோடு நடுத்தரக் குடும்பங்களின் திருமண நினைவுகளைப் பதிந்து வைத்தது.

ஆலைப் பொருளுக்குரிய இந்நீதி மண்ணில் விளையும் பொருளுக்கும் பொருந்தும். பழனி மலையில் பள்ளங்கி போன்ற சிற்றூர்களைக் கொண்ட கொடைக்கானல் வட்டாரத்தின் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. 2003 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி இப்பதிவு பத்தாண்டுக் காலம் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால், குறியீடு கிடைத்தமட்டில் உழவர் கடமை முடிந்துவிடவில்லை. அதைத் தம் விளைபொருளுக்கு முறைப்படி பயன்படுத்த, அங்கீகாரம் பெற்ற பயனாளராக அவர்கள் தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். வேற்றூர்ப் பூண்டு மலைப்பூண்டெனச் சந்தையில் விலைபோகுமாயின், இழப்பு மலைச்சரிவில் மண்வெட்டி பிடித்தவனுக்கே.

பெயரைச் சட்டம் காக்கலாம். அதற்குப் பெருமை தேடித் தருவன உழைக்கும் கைகளே. அக்கைகளுக்குரிய பயன் அவற்றையே சென்றடைதல் வேண்டும். அதுவே முத்திரையின் முழுப்பொருள்.