மானியத் தேர்விலிருந்து வளரறி மதிப்பீடு வரை: திருவள்ளூர் வட்டாரப் பள்ளிகளின் வரலாறு

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியாக இருந்ததால், திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரப் பள்ளிகளில் மாணவரின் கற்றலை அளந்த முறைகளின் வரலாறு சென்னை மாகாணக் கல்வியின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. அவ்வரலாற்றை நெடுக நோக்கினால், மதிப்பீட்டின் முடிவு யார் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ அதைப் பொறுத்தே அது கற்பித்தலைச் செம்மைப்படுத்தியது அல்லது சிதைத்தது என்பது புலப்படும்.

1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். உயர்கல்விக் கூடங்களையும் சேர்த்து 12,498 என்ற தொகையை அவரது 1826ஆம் ஆண்டுக் குறிப்பு தருகிறது. தமிழ்ப் பகுதிகளில் இவற்றுள் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அங்கே ஆண்டிறுதித் தேர்வு என்ற ஒன்று இல்லை. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைக்கு எழுத்துப் படிந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்த பின்னரே அடுத்த பாடம் தொடங்கியது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரின் பாடத்தைக் கேட்டுத் திருத்தினான். எல்லாச் சாதியினருக்கும் இப்பள்ளிகள் திறந்திருக்கவில்லை, பிரம்படியும் மனப்பாடமும் அவற்றின் குறைகள் என்றாலும், பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதை அறிந்து அங்கிருந்தே கற்பிக்கும் வழக்கம் அவற்றில் இருந்தது. 1789இல் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், மணல் எழுத்தை இங்குள்ள பள்ளியொன்றில் கண்டு மேற்கொண்டு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையோடு இணைத்து, 1797இல் வெளியிட்ட நூலின் வழியாக இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை தலைகீழானது. இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டைப் பின்பற்றி, மாணவரின் தேர்ச்சிக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம் வழங்கும் மானிய முறை சென்னை மாகாணத்திலும் புகுந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு இதுவே உகந்தது என 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழுவும் கருதியது. பள்ளி ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கையே ஆசிரியரின் வருவாயை நிர்ணயிக்கும். ஆகவே ஆய்வாளர் கேட்கக்கூடியதை மட்டும் உருப்போட வைப்பதும், தேற வாய்ப்பில்லாத பிள்ளையை ஒதுக்குவதும் இம்முறை தூண்டிய தீங்குகள். 1904ஆம் ஆண்டின் இந்திய அரசுத் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் செய்தது. எனினும் தேர்வு என்பது ஆசிரியரையும் மாணவரையும் வெளியிலிருந்து எடைபோடும் கருவி என்ற எண்ணம் நீடித்தது.

அவ்வெண்ணத்தை மாற்றும் முயற்சி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலால் வலுப்பெற்றது. குழந்தை அட்டைகளின் துணையோடு கற்றல் ஏணியில் தன் வேகத்தில் ஏற, மதிப்பீட்டு அட்டையும் அந்த ஏணியின் ஒரு படியாகவே அமைந்தது. தொடர் மதிப்பீட்டை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வலியுறுத்தியபின், தமிழக அரசு 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. இதில் கற்பிக்கும் போதே குறைகளை அறிய உதவும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், பருவ இறுதியில் கற்றதைத் தொகுத்து அளக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விளைந்த கற்றல் இழப்பை ஈடுகட்ட வகுக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் 2025க்குள் வழி செய்வது அதன் இலக்கு. தொடக்கநிலை மதிப்பீட்டின் அடிப்படையில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பகுக்கப்பட்டு, ஒரே வகுப்பறையில் நிலைக்கேற்ற பாடம் பெற்றனர்.

இப்பகுதியில் அத்தகைய பகுப்புக்குத் தனித் தேவை உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளையும் மாவட்டத்தின் செங்கல் சூளைகளையும் நாடி வரும் வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும், ஆந்திர எல்லையோரத்துத் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களோடு ஒரே வகுப்பில் அமரக்கூடிய வட்டாரம் இது. இங்கே வயது ஒன்றாக இருப்பதாலேயே வாசிப்பு நிலையும் ஒன்றாக இருக்கும் எனக் கொள்ள இயலாது. ஆனால் மதிப்பீட்டு விவரங்களைச் செயலியில் பதிவேற்றுவதிலேயே கற்பிக்கும் நேரம் கரைகிறது என்று ஆசிரியர்கள் முறையிடுவதும் புறக்கணிக்கத் தக்கதன்று. மேலிடத்துக்கு அனுப்புவதற்காகவே மதிப்பிடும் நிலை வந்தால், அது மானியக் காலத்து ஆய்வாளர் தேர்வின் மறுபதிப்பாகிவிடும். மறுநாள் பாடத்தை மாற்றியமைக்க ஆசிரியருக்கு உதவாத எந்த மதிப்பீடும் கற்பித்தலை உயர்த்தாது என்பதே இவ்வட்டாரத்தின் இருநூற்றாண்டு அனுபவம் தரும் முடிவு.