கடல் காற்றும் கறளும்: பழைய மோட்டார் சைக்கிள் என்ஜினை மீட்பது எப்படி?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் வடக்கு, கிழக்கில் பல குடும்பங்களின் உழைப்பைச் சுமந்தவை பழைய மோட்டார் சைக்கிள்களே. ஜப்பானில் தபால் விநியோகத்துக்கென ஹொண்டா தயாரித்த எம்.டி.90 இன்றும் எங்கள் வீதிகளில் ஓடுகிறது. இவற்றின் என்ஜின்களுக்கு ஓட்டத்தால் வரும் தேய்மானத்தை விட உப்புக் காற்றால் வரும் அரிப்பு பெரிய எதிரி. அதைவிடப் பெரிய சேதத்தைப் பிழையான வைத்தியம் செய்துவிடுகிறது.

வெள்ளைத் தூளும் சிவப்புக் கறளும்

என்ஜினின் வெளிக் கவர்களும் சிலிண்டர் தலையும் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அலுமினியம் காற்றுப் பட்டதும் தன் மேல் மெல்லிய ஒட்சைட் படலம் ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அதுவே அதன் கவசம். கடல் உப்பிலுள்ள குளோரைட்டு அந்தக் கவசத்தை ஆங்காங்கே துளைக்கிறது. துளைத்த இடங்களில் சிறு குழிகளும் வெள்ளைத் தூளும் தோன்றும். கவர் மீது பூசிய தெளிவான வார்னிஷ் கீறுப்பட்டால், அதன் அடியில் புழு ஊர்ந்தது போன்ற வெள்ளைக் கோடுகள் பரவும்.

ஆணிகள், கிக் கம்பி, சைலன்சர் ஆகியவை இரும்பு அல்லது உருக்கு. இவற்றில் வருவது சிவப்புக் கறள். குரோம் பூச்சின் மேல்படை பொதுவாக ஒரு மைக்ரோனுக்கும் குறைந்த தடிப்புடையது. அதன் நுண்துளைகளால் ஈரம் இறங்கி, உள்ளே இருக்கும் உருக்கைத் தின்னும்.

இந்த இரண்டு உலோகங்களுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்து மற்றதைக் கெடுக்கக்கூடும்.

கழற்றுவதற்கு முன்

முதலில் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை அகற்றி, சவர்க்கார நீரால் கழுவுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். காபரேட்டர் வாயையும் சைலன்சர் துவாரத்தையும் பொலித்தீனால் கட்டிவிடுங்கள்.

இறுகிய ஆணிகளே அடுத்த தடை. பழைய ஜப்பானிய என்ஜின்களின் கூட்டல் குறி ஆணித் தலைகள் ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ டிறைவர் அதில் முழுமையாக உட்காராது. வழுக்கித் தலையை உருட்டிவிடும். கறள் இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, பொருத்தமான முனையுடன் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பக்ட் டிறைவரைப் பாவியுங்கள். அப்படியும் அசையாவிட்டால் ஆணியைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கலாம். அலுமினியம் உருக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதால் பிடி தளரும். பெற்றோல் தாங்கியைக் கழற்றி, எண்ணெயும் மண்ணெண்ணெயும் முற்றாகக் காய்ந்த பிறகே சூடு காட்ட வேண்டும்.

உருக்குப் பாகங்களுக்கு

ஒரு லீற்றர் நீரில் 50 கிராம் சிற்றிக் அமிலத் தூள் கரைத்து, ஆணிகளையும் கிக் கம்பியையும் அதில் ஊற விடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். வினாகிரியும் இதே வேலையைச் செய்யும், சற்று மெதுவாக. கறள் நீங்கியதும் அப்பச்சோடா கரைத்த நீரில் அலசி, சூடாக உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுங்கள். தாமதித்தால் மீண்டும் மெல்லிய கறள் படரும்.

குரோமில் கறள் புள்ளிகள் மட்டும் இருந்தால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். பூச்சு உரிந்திருந்தால் தேய்ப்பது வீண். மறுபடி முலாம் பூசத்தான் வேண்டும்.

அலுமினியப் பாகங்களுக்கு

உரிந்த வார்னிஷை பெயின்ற் நீக்கியால் முழுதாக எடுத்த பின், நீர் தொட்டு அரத்தாளால் தேய்க்க வேண்டும். 400ஆம் இலக்கத்தில் தொடங்கி 800, 1200, 2000 என்று போகலாம். முந்தைய தாளின் கீறல்கள் மறைந்த பிறகே அடுத்த தாளை எடுங்கள். இறுதியில் உலோகப் பொலிஷ். உருக்குக் கம்பிப் பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் புதைந்து பின்னர் கறள் புள்ளியாக வெளிவரும். பித்தளை அல்லது நைலோன் பிரஷ் நல்லது.

கவரும் என்ஜினும் ஒட்டும் கஸ்கட் முகத்தில் அரத்தாள் படவே கூடாது. அங்கே சிறு பள்ளம் விழுந்தாலும் எண்ணெய் கசியும்.

செய்யக் கூடாதவை

கோஸ்டிக் சோடாவும் அது கலந்த அடுப்புத் துப்புரவுத் திரவங்களும் அலுமினியத்தைக் கரைத்து, எரியக்கூடிய ஐதரசன் வாயுவை வெளிவிடும். மலசலகூடம் கழுவும் அமிலம் கறளை விரைவாக எடுக்கும். ஆனால் அது விட்டுச் செல்வது அதே குளோரைட்டு. உறுதியான ஆணிகளை அது நொறுங்கும் தன்மைக்கும் கொண்டுவரலாம். எந்த அமிலத்தையும் வெளிற்றும் திரவத்துடன் சேர்க்காதீர்கள். உருவாகும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

கடல் மணலை வீசிச் சுத்தம் செய்வதும் பிழை. நுண்மணல் எண்ணெய் வழிகளில் புகுந்தால் பெயாரிங்குகள் அழியும். சிலிக்கா தூசு வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும்.

மீண்டும் வராமலிருக்க

பொலிஷ் செய்த வெறும் அலுமினியம் கரையோரத்தில் விரைவில் மங்கும். இடைக்கிடை மெழுகு பூசுவதற்குப் பொறுமை இல்லாதவர்கள், அலுமினியத்துக்குரிய பிரைமர் அடித்து, வெப்பம் தாங்கும் என்ஜின் பெயின்றை மெல்லிய படைகளாக அடிப்பது புத்திசாலித்தனம். சிலிண்டர் செட்டைகளில் தடிப்பாக அடித்தால் வெப்பம் வெளியேறத் தாமதமாகும். சைலன்சருக்கு இந்தப் பெயின்ற் தாங்காது. அதற்கென 600 பாகை செல்சியஸ் தாங்கும் பெயின்ற் உண்டு.

அழகுக்காகத் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளை மாற்றுவது இப்போது பரவலாகியுள்ளது. அலுமினியத்தோடு அது சேர்ந்து உப்பு நீரும் பட்டால், மின்கலம் போல இயங்கி அலுமினியத்தைத் தின்னும். பூட்டும்போது இறுகாமல் தடுக்கும் கிறீஸைப் புரியில் தடவுங்கள்.

கழுவும் நீரையும் கவனிக்க வேண்டும். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது. கரையோரத்தில் உவரும் கூட. அதில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் படிவு மிஞ்சும். கடைசியாக மழைநீரால் அலசித் துடைப்பது நல்லது.

பயன்படுத்திய அமில நீரையும் பழைய எண்ணெயையும் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புப் பாறை எதையும் வடிகட்டாமல் கீழே விட்டுவிடும். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதை நாம் மறந்துவிடக் கூடாது. அமில நீரை அப்பச்சோடாவால் நுரை அடங்கும்வரை தணியுங்கள். எண்ணெயைப் போத்தலில் சேர்த்து, அதைச் சேகரிக்கும் கராஜில் கொடுங்கள்.

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளக்கும் புதுப் பெயின்றைக் கண்டு ஏமாற வேண்டாம். கவரின் ஓரங்களையும் ஆணித் தலைகளையும் செட்டைகளின் இடுக்குகளையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். அரிப்பை எடுத்துப் பூசிய பெயின்றுக்கும், அரிப்பின் மேலேயே பூசிய பெயின்றுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.