பாயின்டர் மாற்றமும் கம்பைலரின் எச்சரிக்கையும்

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், பாயின்டரை வேறு வகைக்கு மாற்றிப் படிப்பது அன்றாட வழக்கம். 1989இல் வந்த ஆன்சி தரம் அதற்குக் கடிவாளம் போட்டது: ஃப்ளோட் இருக்கும் இடத்தை இன்ட் பாயின்டர் வழியாகப் படிக்கக் கூடாது.

1999 ஜூலையில் வெளியான ஜிசிசி கம்பைலரின் 2.95 பதிப்பு இந்த விதியை நம்பி நிரல்களின் வேகத்தைக் கூட்டியது. பழைய நிரல்கள் தடுமாறின. 2.95.2 பதிப்பில் அந்த வசதி அணைக்கப்பட்டு, பின்னர் மீண்டும் வந்தது.

அதே ஆண்டு வந்த குவேக் 3 விளையாட்டின் தலைகீழ் வர்க்கமூலக் கணக்கு, ஃப்ளோட் மாறியின் முகவரியை லாங் பாயின்டராக்கி பிட்டுகளை உருவுகிறது. இத்தகைய வரியைக் கண்டால் ஜிசிசி எச்சரிக்கக்கூடும்.

லினக்ஸ் கர்னல் இன்றும் விதியை நம்பி வேகம் கூட்டும் அந்த வசதியை அணைத்தே தொகுக்கப்படுகிறது. மற்றவர்கள் எச்சரிக்கையை மூடி மறைக்காமல் மெம்காப்பி செயற்கூறால் பிட்டுகளை நகலெடுப்பதே சரி; கம்பைலர் அதைப் பெரும்பாலும் ஒற்றைக் கட்டளையாகச் சுருக்கிவிடும்.