சாணை இடம் மாறிய கதை

ஆனையூரில் என் தாய்மாமாவின் லேத் பட்டறை, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வாசல் ஓரத்தில் ஒரு பெஞ்ச் கிரைண்டர், அதன் இரண்டு பக்கமும் கல்: ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் என்றால் வெள்ளைக்கல். நுனியில் கார்பைடு டிப் பற்றவைத்த டூல் என்றால் பச்சைக்கல். "ஹைஸ்பீட தண்ணில முக்கலாம்டா, டிப்ப சூட்டோட முக்குனா விரிசல் விட்டுரும்" என்பார் மாமா. கோணமானியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. டூலைக் கண்ணுக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பார், மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு முறை கல்லில் வைப்பார். முடிந்தது.

நான் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விடுமுறைக்குப் போனபோது, மேசையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது. உள்ளே பொன்னிறத்தில் சாய்சதுர வில்லைகள் பத்து. இன்சர்ட். ஒரு முனை மழுங்கினால் ஸ்க்ரூவைத் தளர்த்தித் திருப்பிப் போட வேண்டும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு முனைகளும் தீர்ந்தால் பழைய கார்பைடு விலைக்குப் போட்டுவிடலாம். "சாணை புடிக்கிற வேலையே போச்சுடா" என்றார். சந்தோஷமா, வருத்தமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வேலை அழிந்துபோனது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது இடம் மாறியிருக்கிறது.

கதை ஒரு பல்புக் கம்பெனியில் தொடங்குகிறது. பெர்லினின் ஓஸ்ராம் நிறுவனத்துக்கு பல்பின் டங்ஸ்டன் இழையை இழுக்க வைர அச்சுகள் தேவைப்பட்டன. வைரத்துக்கு மாற்றுத் தேடிய கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடுத் தூளோடு கோபால்ட்டைக் கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டார். 1923இல் காப்புரிமை பதிவானது. உரிமத்தை வாங்கிய எஸ்ஸன் நகரத்து குருப் நிறுவனம் 1926இல் அதற்கு 'விடியா' என்று பெயர் வைத்தது. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்பதன் சுருக்கம். 1927 லைப்ஸிக் கண்காட்சியில் அது இரும்பை வெட்டிக் காட்டியபோது, பழைய லேத்துகளின் வேகமே போதாமல் போயிற்று.

அமெரிக்காவில் இதை விற்ற ஜெனரல் எலக்ட்ரிக், 1930களில் ஒரு பவுண்டுக்கு 450 டாலர் வரை விலை வைத்தது. குருப்போடு சேர்ந்து சந்தையைக் கட்டுப்படுத்தியதாக 1948இல் நியூயார்க் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் குற்றவாளி என்றது.

பொருள் கிடைத்துவிட்டது. அதைத் தீட்டுவது எப்படி? சாதாரணச் சாணைக்கல்லை கார்பைடு மதிக்காது. பச்சைக்கல் தேய்க்கும், ஆனால் கல்லும் சேர்ந்து கரையும். உருப்படியாகத் தேய்க்க வைரம்தான் வேண்டும். வைரத்துக்கு மாற்றாக வந்த பொருள் தனக்கே வைரம் கேட்டது. 1954 டிசம்பரில் அதே ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஆய்வகத்தில் செயற்கை வைரம் உருவான பிறகு, சுரங்கத்தை நம்பாமலே வைரச் சக்கரம் செய்ய வழி பிறந்தது.

அதே 1950களில் இன்சர்ட் பரவத் தொடங்கியது. காரணம் எளிது. சூட்டில் எஃகு விரிவதில் பாதியளவுதான் கார்பைடு விரியும். இரண்டையும் பற்றவைத்தால் ஒட்டிய இடத்தில் இழுபறி, கடைசியில் விரிசல். பற்றவைக்காமல் இறுக்கிப் பிடித்தால் அந்தத் தொல்லை இல்லை. மழுங்கிய முனையைத் தீட்ட டூலைக் கழற்றவும் வேண்டாம்.

ஆனால் 'திருப்பிப் போடு' என்று சொல்ல வேண்டுமானால், நான்கு முனைகளும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். அழுத்திய தூள் சூளையில் நீளவாக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகே சுருங்கும். சுருக்கம் எல்லா வில்லையிலும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்காது. மாமாவின் டப்பாவில் 'சி.என்.எம்.ஜி. 120408' என்று எழுதியிருந்தது. மூன்றாவது எழுத்துதான் துல்லியத்தின் வகுப்பு. இந்த அளவு வில்லையில் 'எம்' என்றால் குறுக்களவு 0.08 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். பக்கங்கள் பெரும்பாலும் சூளை கொடுத்தபடியே இருக்கும். மாமாவின் பம்ப் ஷாஃப்ட்டுக்கு அது போதும். அந்த இடத்தில் 'ஜி' வந்தால் 0.025 மி.மீ.தான் அனுமதி. அதற்குச் சூளையை நம்ப முடியாது, சுற்றிலும் சாணை பிடிக்க வேண்டும்.

அந்தச் சாணை எந்திரம் வில்லையை மேலும் கீழும் இரண்டு தாங்கிகளால் நெரித்துப் பிடித்து, கிண்ணம் போன்ற வைரச் சக்கரத்தின் முகத்துக்கு எதிரே சுழற்றும். சிக்கல் மூலையில்தான். சுழற்சியின் மையம் வில்லையின் நடுவில் இருக்கிறது, மூலை வளைவின் மையமோ வேறிடத்தில். நான் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12.7 மி.மீ. உள்வட்டமும் 80 பாகை மூலையும் 0.8 மி.மீ. வளைவும் கொண்ட வில்லையில், சுழற்சி மையத்திலிருந்து சக்கரம் நிற்க வேண்டிய தூரம் பக்கத்தில் 6.35 மி.மீ., மூலை உச்சியில் 9.43 மி.மீ. வில்லை திரும்பத் திரும்ப, சக்கரத்துக்கும் வில்லைக்கும் உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில் சேர்ந்து மாற வேண்டும். பழைய எந்திரங்களில் கேம் எனும் வார்ப்புருத் தகடுகள் இதைச் செய்தன. சி.என்.சி. வந்ததும் தகடு எண்களாயிற்று. மாமாவின் மணிக்கட்டு இரண்டு அச்சுகளாகப் பிரிந்து நிரலுக்குள் போனது.

இத்தகைய எந்திரம் கட்டுபவர்கள் உலகத்தில் கொஞ்சப் பேர்தான். கடிகாரக்காரர்களின் நாடான சுவிட்சர்லாந்தில், சோலோதூர்ன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அகாதோன் ஒன்று. ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃப் பக்கம் மீர்புஷ் ஊரின் வென்ட் இன்னொன்று.

அந்த வென்ட்தான் நம்மூருக்கு வந்தது. வென்ட் இந்தியா 1980இல் பதிவாகி, ஓசூரில் வைரச் சக்கரங்களும் சாணை எந்திரங்களும் செய்யத் தொடங்கியது. பின்னர் அதில் பங்காளியானது முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல், 1954இல் தொடங்கிய சாணைக்கல் நிறுவனம். கார்போரண்டம் என்பது சிலிகான் கார்பைடின் பழைய வணிகப் பெயர். 1891இல் அமெரிக்கரான அச்சிசன் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தில் சுட்டபோது கிடைத்தது. மாமாவின் பச்சைக்கல்லும் அதேதான். பச்சைக்கல்லின் வாரிசு வைரச் சக்கரத்தோடு சம்பந்தம் வைத்துக்கொண்ட இடம் ஓசூர்.

அதே 1980இல்தான், மதுரையில் வேர்கொண்ட டி.வி.எஸ். குடும்பத்தின் டி.வி.எஸ். 50 ஓசூரிலிருந்து வெளிவந்தது. மதுரையையும் ஓசூரையும் இன்று ஒரே சாலை இணைக்கிறது, தேசிய நெடுஞ்சாலை 44. சாணை அந்தச் சாலையில் வடக்கே போய்விட்டது என்று சொல்லலாம். அங்கே அது முன்பைவிட நுணுக்கமாகத்தான் நடக்கிறது. லட்சக்கணக்கான முனைகளை ஒன்றுபோல் எந்த மணிக்கட்டும் தீட்டியிருக்க முடியாது. ஆனால் மாமா அந்த வேலையோடு போக முடியவில்லை. அவர் தீட்டுகிறவராக இருந்து வாங்குகிறவராக ஆனார்.

இதற்கு என்ன விலை என்று எனக்குப் புரிந்தது ஒரு சித்திரைத் திருவிழாவின்போது. ஊரே அழகரைப் பார்க்க ஆற்றுக்குப் போயிருந்தது, கடைகள் எல்லாம் அடைப்பு. ஒரு தோட்டத்துக்காரர் தேய்ந்த பம்ப் ஷாஃப்ட்டோடு வந்து நின்றார், தண்ணீர் பாய்ச்சாமல் ரெண்டு நாளாச்சு என்று. டப்பாவில் நல்ல முனை ஒன்றுகூட இல்லை. மாமா டிராயரைத் துழாவி, பழைய டிப் டூல் ஒன்றை எடுத்தார். பச்சைக்கல்லின் மேலிருந்த தூசியை ஊதினார்.

"அண்ணே, இந்தக் கல்லு எதுக்கு இருக்குன்னு நானும் ரொம்ப நாளா நெனச்சேன்" என்றான் உதவிக்கு இருந்த பையன். அவன் இரண்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறான்.

இன்சர்ட் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இரண்டு மணி நேரம் இழுத்தது. தோட்டத்துக்காரர் ஷாஃப்ட்டை வாங்கிக்கொண்டு போனதும், மாமா கிரைண்டரை அணைக்கவில்லை. டூலைப் பையன் கையில் கொடுத்தார். "இங்கிட்டு வா. ரொம்ப அமுக்காத. கல்லு இழுக்குறது கையில தெரியுதா?"