பல் போயிடுச்சா? செட், பிரிட்ஜ், இம்ப்ளாண்ட்... எது சரி, செலவுக்கு என்ன வழி? வடசென்னை மக்களுக்கான விளக்கம்

கடவாய்ப் பல் ஒன்று போனால், "வெளியே தெரியாதே" என்று பலரும் அப்படியே விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த இடைவெளி சும்மா இருக்காது. பக்கத்துப் பற்கள் அதை நோக்கிச் சாயும். எதிர்வரிசைப் பல் நீண்டு வரும். பல் இருந்த இடத்தில் தாடை எலும்பு மெல்லக் கரையும். தள்ளிப்போடப் போட சிகிச்சையும் சிக்கலாகும், செலவும் ஏறும்.

என்னென்ன வழிகள் இருக்கு?

பல் செட்: கழற்றி மாட்டுவது. ஒரு பல்லுக்கும் வைக்கலாம், முழு வாய்க்கும் வைக்கலாம். பொதுவாகச் செலவு குறைவு இதில்தான். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கணும். எலும்பு கரையக் கரைய செட் லூசாகும், அப்போது சரிசெய்யணும்.

பிரிட்ஜ்: இரு பக்கப் பற்களையும் தேய்த்து, மேலே கேப் போட்டு, நடுவில் செயற்கைப் பல்லை நிறுத்துவது. நல்ல பற்களையும் தேய்க்க வேண்டியிருப்பதுதான் இதில் நஷ்டம்.

இம்ப்ளாண்ட்: எலும்புக்குள் டைட்டானியம் ஸ்க்ரூ வைத்து, அதன்மேல் பல் பொருத்துவது. ஸ்க்ரூ எலும்போடு சேர வழக்கமாக 3 முதல் 6 மாதம் ஆகும். செலவு அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கும் இது தோல்வியடையும் வாய்ப்பு கூடுதல்.

காப்பீடு கைகொடுக்குமா?

தனியார் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் பல் கட்டும் செலவைத் தருவதில்லை. விபத்து என்றால் மட்டும் பரிசீலிப்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் முக்கியமாகப் பெரிய சிகிச்சைகளுக்கானது. கார்டு இருந்தால், உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று மருத்துவமனையிலேயே முதலில் கேட்டுடுங்க.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் கம்பெனிகளில் வேலை செய்றவங்க இ.எஸ்.ஐ.யை மறக்க வேண்டாம். இதற்கான சம்பள வரம்பு 2017-ல் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. வேலையில் அடிபட்டுப் பல் போனால், கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுத வையுங்க. பிறகு செயற்கைப் பல் கேட்கும்போது அந்தப் பதிவுதான் ஆதாரம்.

இ.எஸ்.ஐ. இல்லாதவங்க?

காசிமேடு மீனவர்கள், தினக்கூலிக்குப் போறவங்க பலருக்கும் இ.எஸ்.ஐ. இருக்காது. இவர்களுக்கு அரசு மருத்துவமனைதான் முதல் வழி. ராயபுரம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. கோட்டை ரயில் நிலையம் அருகே, 1953-ல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் கட்டுவதற்கென்றே தனித் துறை இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் வந்து சென்ட்ரலில் இறங்கலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்யும் சிகிச்சைக்குக் கட்டணம் குறைவு. ஆனால் பல முறை போய்வர வேண்டியிருக்கும்.

மாதத் தவணையில் கையெழுத்துப் போடும் முன்...

எக்ஸ்ரே, ஸ்க்ரூ, மேல் பல் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை முறை வரணும்? உடைந்தால் யார் பொறுப்பு? மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்குங்க. அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுப்பது இன்னும் நல்லது.