இதய நோயும் அழற்சி மரபணுக்களும்

உடலில் காயமோ தொற்றோ ஏற்பட்டால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. இந்த எதிர்ப்புச் செயலே அழற்சி எனப்படும். கொழுப்பு படிந்த தமனிச் சுவர்களிலும் அழற்சி உண்டு என்பதைச் செருமானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே எடுத்துக்காட்டினார். அது நோய்க்குக் காரணம் என்பது அவர் கருத்து. வியன்னாவின் கார்ல் ரோக்கிடான்ஸ்கியோ அது நோயின் விளைவே என்றார். இந்த வழக்கில் தெளிவு பிறக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குப் பெரிதும் உதவியவை மரபணுக்கள்.

1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு புதிய பொருளைக் கண்டனர். சி-எதிர்வினைப் புரதம், சுருக்கமாக சி.ஆர்.பி., என இன்று அழைக்கப்படுவது அதுவே. கல்லீரலில் உருவாகும் இப்புரதம் அழற்சி கூடும்போது கூடுகிறது.

1997இல் பால் ரிட்கர் குழுவினர், அமெரிக்க ஆண் மருத்துவர்கள் நலமாக இருந்தபோது எடுத்து வைத்த இரத்தத்தை ஆராய்ந்தனர். சி.ஆர்.பி. மிகுந்திருந்த கால் பங்கினருக்கு மாரடைப்பு வாய்ப்பு, அது குறைந்திருந்த கால் பங்கினரைவிட ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது.

அப்படியானால் இப்புரதமே குற்றவாளியா? புகைபிடித்தலும் உடற்பருமனும் சி.ஆர்.பி.யைக் கூட்டுகின்றன, இதயத்தையும் கெடுக்கின்றன. இவற்றைப் பிரித்தறிவது கடினம். ஆனால் பெற்றோரிடமிருந்து எந்த மரபணு வடிவம் வரும் என்பது கருவுறும்போதே தற்செயலாக முடிவாகிறது. பிற்காலப் பழக்கங்கள் அதை மாற்றுவதில்லை. எனவே சி.ஆர்.பி.யைக் கூட்டும் மரபணு வடிவத்துடன் பிறந்தவர்களை மற்றவர்களுடன் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். மெண்டலின் மரபு விதியை அடிப்படையாகக் கொண்ட இம்முறையில் டென்மார்க் ஆய்வாளர்கள் 2008இல் முடிவு வெளியிட்டனர். சில மரபணு வடிவங்கள் சி.ஆர்.பி.யை 64% வரை கூட்டின. ஆனால் இதய நோய் கூடவில்லை. புகை நெருப்பைக் காட்டும். வீட்டை எரிப்பது புகையன்று.

நெருப்பு எங்கே? கல்லீரலைச் சி.ஆர்.பி. உருவாக்கத் தூண்டுவது இன்டர்லியூக்கின்-6 என்னும் தூதுப் புரதம். இத்தூதைப் பெறும் ஏற்பியின் மரபணுவில் ஒரு மாறுபாடு, அழற்சியைச் சற்றுத் தணிக்கிறது. அதன் ஒவ்வொரு படியும் இதய நோய் வாய்ப்பை ஏறத்தாழ 3% குறைப்பதாக, இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2012இல் அறிவித்தனர். அளவு சிறிது, ஆயினும் அழற்சிப் பாதை ஒரு காரணம் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

2017இல் மருந்தும் சோதிக்கப்பட்டது. கானகினுமாப் என்னும் மருந்து, இன்டர்லியூக்கின்-6ஐத் தூண்டும் இன்டர்லியூக்கின்-1பீட்டாவைத் தடுப்பது. முன்பே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் நடந்த சோதனையில், 150 மில்லிகிராம் அளவு பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15% குறைந்தன. கெட்ட கொழுப்பின் அளவு குறையாமலேயே இப்பயன் கிடைத்தது. ஆனால் தொற்றுநோய் மரணங்கள் கூடின. மொத்த மரணங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அழற்சி நம்மைக் காக்கும் காவலும் அல்லவா?

ஆகவே பரிசோதனைத் தாளில் சி.ஆர்.பி. கூடியிருந்தால், அந்த எண்ணைக் குறைப்பது மட்டும் மருத்துவமாகாது. அதைக் கூட்டியது எது என்று தேடுவதே மருத்துவம்.